இயற்பியலும் தத்துவமும் சேர்த்துப் படிக்கலாமா?

மகள் இயற்பியலும் வேண்டும், தத்துவமும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் ஆகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். சேர்த்துப் படிப்பதில் தவறே இல்லை. ஆனால் எந்த மாதிரிச் சேர்க்கை என்று பார்க்காமல் சேர்ந்தால்தான் சிக்கல்.

கலையும் அறிவியலும் சேர்ந்த படிப்பு நேற்று முளைத்ததும் இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1981லிருந்து நடத்துகிறது, லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழகம் 2012ல் தொடங்கியது. முதலில் கேட்க வேண்டியது, முடிவில் கையில் வருவது ஒரு பட்டமா, இரண்டு பட்டமா? ஆஸ்திரேலியாவில் பரவலாக இருப்பது இரட்டைப் பட்டம், தனித்தனியாகப் படித்தால் 3 வருடம் கூட்டல் 3 வருடம், சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் 4 வருடம். மீதி 2 வருடம் எங்கே போனது என்று எல்லாப் பெற்றோரும் சந்தேகப்படுகிறார்கள். ஒவ்வொரு பட்டத்திலும் விருப்பப் பாடங்களுக்கென்று இடம் விட்டிருப்பார்கள் இல்லையா, அந்த இடத்தில் மற்றப் பட்டத்தின் பாடங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மேஜர், அதாவது முதன்மைத் துறைப் பாடங்கள் அப்படியே இருக்கும், ஆசைக்கு ஒரு புது மொழி, ஓர் இசை வகுப்பு என்று எடுக்கத்தான் இடம் இருக்காது.

ஒரே பட்டமாகத் தருகிற இடங்களில் கணக்கு வேறு. அங்கே இரண்டு துறையிலும் பாடங்கள் குறையலாம். பின்னால் இயற்பியலில் எம்.எஸ்ஸி போக நினைத்தால், சேர்க்கையில் முதலில் பார்ப்பது இயற்பியலில் எத்தனை பாடம், கணிதத்தில் எத்தனை பாடம் என்பதைத்தான். அதனால் ஏதாவது ஒரு துறையிலாவது முழு மேஜர் இருக்கட்டும்.

அப்புறம் வரிசை. கால்குலஸ் என்கிற நுண்கணிதம் முடிக்காமல் அடுத்த கணிதம் இல்லை, அது இல்லாமல் அணு அளவில் நடப்பதைப் படிக்கிற குவாண்டம் இயக்கவியல் இல்லை, இதில் ஒன்றை விட்டால் சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும் என்பதால் ஒரு வருடமே தள்ளிப்போகும். தத்துவம் இவ்வளவு கறார் இல்லை, சில பாடங்களை முன்னே பின்னே எடுத்துக்கொள்ளலாம். எனவே முதல் வருடம் அறிவியலுக்கு இடம் போட்டுவிட்டு மிச்சத்தில் கலைப் பாடங்களை வைக்கச் சொல்லுங்கள். லேப் நேரமும் தத்துவ வகுப்பும் மோதும், லேப் ரிப்போர்ட்டும் நீண்ட கட்டுரையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும், அதற்கும் அவள் தயாராக இருக்கணும்.

வேலை? இரண்டு பட்டம் இருக்கிறது என்பதற்காக யாரும் கூப்பிட்டு வேலை தருவதில்லை. இரண்டும் சந்திக்கிற இடத்தில் அவள் எதையாவது செய்து முடித்திருந்தால் பேச்சு வேறு. குவாண்டம் இயற்பியலில் அளவீடு என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இரண்டு துறைக்காரர்களும் விடாமல் விவாதிக்கிறார்கள், கடைசி வருட ஆய்வுக்கு அருமையான தலைப்பு. அறிவியல் இதழியல், காப்புரிமை (பேட்டன்ட்), அறிவியல் கொள்கை எல்லாம் இந்தக் கலவைக்கு ஒத்துவரும்.

கணிதத்துக்குப் பயந்து கலையைத் துணைக்குச் சேர்க்கிறாள் என்றால் மட்டும் வேண்டாம் என்பேன். கணிதம் துரத்திக்கொண்டேதான் வரும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பல்கலைக்கழகத்தின் பாடக் கையேட்டை எடுத்து, எல்லா செமஸ்டருக்கும் என்னென்ன பாடம் என்று அவளையே ஒரு தாளில் நிரப்பச் சொல்லுங்கள், நீங்கள் உதவ வேண்டாம். எங்கே முட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.