மரம் பூஜ்ஜியம்

அன்புள்ள ஐயா,

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். என் மகன் விரும்பும் பெண் சீனக் குடும்பம். அவளுடைய பாட்டி இவன் பிறந்த நேரத்தை வாங்கிக்கொண்டு போய் பா-ட்ஸி, அதாவது எட்டெழுத்துச் சீன ஜாதகம், பார்த்திருக்கிறார். 26.12.1992, காலை 7.40, இதே ஊரில் பிறந்தவன். கைப்பேசிச் செயலியில் எடுத்த தாள் ஒன்றை எங்களுக்கு அனுப்பினார்கள். நீர் 5, உலோகம் 1, நெருப்பு 1, மண் 1, மரம் 0. மரம் இல்லாதவனுக்குக் குடும்பம் தழைக்காதாம். பச்சை ஜேட் வளையல் போட்டு, மரம் சேர்ந்த சீனப் பெயர் ஒன்றும் வைத்தால் சரியாகுமாம். 2026 நெருப்புக் குதிரை வருடம், அதில் கல்யாணமே ஆகாது என்றும் பேச்சு. நம் ஜாதகத்தில் அவனுக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. எதை நம்புவது? வளையல் வாங்கலாமா? மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

'இல்லாத தனிமம்' என்று சொல்லிக் கல்லும் பெயரும் விற்கும் பழக்கத்தைப் பற்றி எழுதவேண்டும் என்றிருந்தேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது. ஒரு பூஜ்ஜியத்தைப் பார்த்துவிட்டு எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தீர்களோ தெரியவில்லை. ஆனால் அந்தத் தாளை ஒருமுறைகூடக் கேள்வி கேட்காமல் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்?

நம்முடையதா, அவர்களுடையதா என்பதை விடுங்கள். நம் ஐம்பூதத்தில் மரமும் உலோகமும் இல்லை, அவர்கள் ஐந்தில் காற்றும் ஆகாயமும் இல்லை. ஒன்றை வைத்து மற்றதை எடைபோட முடியாது. நெருப்புக் குதிரையையும் விடுங்கள். பா-ட்ஸியில் வருடம், மாதம், நாள், வேளை என்று நான்கு தூண்கள், தூணுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு எழுத்து. குதிரை அதில் வருடத் தூண் ஒன்று மட்டும். அந்த ஒன்றுக்குப் பயந்து, இதற்கு முந்திய நெருப்புக் குதிரை வருடமான 1966இல் ஜப்பானில் பிறப்பு 18.2 லட்சத்திலிருந்து 13.6 லட்சமாக விழுந்தது. அந்த வருடத்தில் பெண் குழந்தை பிறந்தால் ஆகாது என்ற பயம். அந்தப் பயத்தை உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாளில் முதல் தப்பு நேரம். மலேசியத் தீபகற்பம் 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரைமணி முன்னால் நகர்த்தியது. அன்றிலிருந்து பினாங்கில் ஓடுவது 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். ஜார்ஜ் டவுன் இருப்பதோ 100.3 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் என்று கழித்தால் 79 நிமிடம் போகிறது. 7.40 என்பது சூரியக் கணக்கில் 6.21. (நவம்பர் தொடக்கத்தில் பிறந்திருந்தால் சூரியன் கடிகாரத்தை முந்தும் 16 நிமிடத்தையும் சேர்க்கவேண்டும். டிசம்பர் 26க்கு அது ஒன்றுமில்லை.)

சீனக் கணக்கில் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு வேளை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், முதல் வேளை இரவு 11க்குத் தொடங்கும். 5 முதல் 7 வரை மாவ், 7 முதல் 9 வரை ச்சென். செயலி ச்சென் போட்டிருக்கிறது. உங்கள் மகன் பிறந்தது மாவ் வேளையில். சந்தேகமிருந்தால் இதை நினைத்துப் பாருங்கள்: டிசம்பர் கடைசியில் பினாங்கில் சூரியன் தலைகாட்டுவதே ஏழேகாலுக்கு மேல். விடியும் வேளைதான் மாவ். அந்த எழுத்துக்குள் இருப்பது மரம், மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

சரியான எட்டெழுத்து இதுதான். வருடம் ரென்-ஷென், மாதம் ரென்-ட்ஸி, நாள் பிங்-ட்ஸி, வேளை ஷின்-மாவ். நாளின் மேல் எழுத்துதான் ஜாதகக்காரனைக் குறிக்கும். இவன் பிங், யாங் (ஆண்தன்மை) நெருப்பு. பக்கத்தில் நிற்கும் ஷின், யின் (பெண்தன்மை) உலோகம். நெருப்பு அடக்கி ஆள்வது உலோகத்தை, ஆணின் ஜாதகத்தில் அந்த உலோகம் மனைவி. பிங்கும் ஷின்னும் தானே ஒட்டிக்கொள்ளும் ஜோடி, மேல் எழுத்துகளின் ஐந்து சேர்க்கைகளில் ஒன்று. பாட்டியிடம் போன தாளில் அதே இடத்தில் நிற்பது ரென், நெருப்பை அணைக்கும் யாங் நீர். அதற்குப் பெயரே 'ஏழாம் கொலை'. 79 நிமிடத்தைக் கழிக்காமல் விட்டதில் மனைவி இருந்த இடத்தில் கொலை வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த தப்பு இதைவிடப் பெரியது. எட்டெழுத்தை எண்ணிப் பார்ப்பது எட்டெழுத்து பார்ப்பது ஆகாது. எண்ணும்போது எல்லா எழுத்துக்கும் ஒரே எடை வந்துவிடுகிறது. சீனாவின் சுங் வம்சக் காலத்து சூ ட்ஸிபிங் பெயரால் வழங்கும் முறையில் மாதத்தின் கீழ் எழுத்துக்குத்தான் முதல் எடை, அதற்கு 'மாத ஆணை' என்று பெயர். மாதம் என்றால் அமாவாசைக் கணக்கு இல்லை, சூரியன் நகரும் கணக்கு. இவனுடைய ட்ஸி மாதம் டிசம்பர் 7 முதல் ஜனவரி 5 வரை, நடுக் குளிர்காலம். குளிர்காலத்தில் நீர் ஆள்கிறது, மரம் அதற்கடுத்த பலத்தில் நிற்கிறது, உலோகம் ஓய்கிறது, மண் சிறைப்படுகிறது, நெருப்பு சாகிறது. இந்த வரிசையைப் பார்க்காமல் ஒருவனுக்கு எது குறைவு என்று யாரும் சொல்லக்கூடாது. இதில் குறைந்து கிடப்பது மரமா? இல்லை. நெருப்பு.

இன்னும் கேளுங்கள். கீழ் எழுத்து ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்று முதல் மூன்று மேல் எழுத்துகள் ஒளிந்திருக்கும். ச்சென்னுக்குள் மண்ணோடு நீரும் மரமும் உண்டு. ஆக அவர்கள் போட்ட தப்புத் தாளிலேயே மரம் பூஜ்ஜியம் இல்லை. சரி, அந்தத் தாளையே வாதத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஷென், ட்ஸி, ச்சென் மூன்றும் கூடினால் நீராகிவிடும். மேலே மூன்று ரென். அதில் நிற்கும் நெருப்புக்கு வேரே இல்லை, கீழ் எழுத்து எதற்குள்ளும் நெருப்பு கிடையாது. அப்படிப்பட்ட நெருப்பு எதிர்த்து நிற்காமல் நீரோடு போய்விடும் என்றுதான் மரபு படிக்கும். அங்கே மரத்தைக் கொண்டுவந்து ஊட்டினால் போகிறவனை நடுவழியில் இழுத்து நிறுத்தியதாகும். மரம்தான் அங்கே கெடுதல்! சரியான தாளிலோ மரம் வேண்டும், அது ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றில் மரம் கூடாது, மற்றதில் மரம் உண்டு. எந்தத் தாளுக்காக மரம் சேர்க்கச் சொன்னார் அந்தப் பார்ப்பவர்?

சரியான தாளிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. நடுக் குளிரில், இரண்டு ட்ஸிக்குப் பக்கத்தில் நிற்கும் மரம் நனைந்த விறகு. புகையும், சட்டென்று பற்றாது. இவனுக்கு வேண்டியது நீருக்குக் கரை கட்டும் வறண்ட மண்ணும் கொஞ்சம் சூடும். அதைப் பற்றித் தாளில் ஒரு வார்த்தை இல்லை. பச்சைக் கல்லில் அது கிடைக்காது. மரம் என்ற எழுத்தை மூன்று முறை அடுக்கிப் பெயர் வைத்தாலும் கிடைக்காது.

பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும் வாழ்க்கைத் தூண்களை யாராவது உங்களுக்குப் போட்டுக் காட்டினார்களா? ரென் யாங் வருடம், ஆண் பிள்ளை, கணக்கு முன்னோக்கி ஓடும். பிறந்ததிலிருந்து அடுத்த பருவத் தொடக்கமான ஜனவரி 5 வரை பத்து நாளும் சொச்சமும். மூன்று நாளுக்கு ஒரு வருடம், எனவே மூன்று வயது நான்கு மாதம் தாண்டிக் கொஞ்ச நாளில் முதல் தூண் தொடங்குகிறது. அது க்வெய்-ச்சோவ். 13 வயதில் ஜியா-யின், 23இல் யி-மாவ். இந்த இரண்டு தூணும் மேலும் கீழும் மரம். மரமே இல்லை என்று அவர்கள் சொல்லும் பையன் இருபது வருடம் மரத்துக்குள்ளேயே வளர்ந்திருக்கிறான். படித்ததும், வேலைக்குப் போனதும், இந்தப் பெண்ணைக் கண்டதும் அந்த இருபதுக்குள்தானே? தழைக்காதவன் வாழ்க்கையா அது?

மொத்தம் 5,18,400 எட்டெழுத்துகள்தான் உண்டு அம்மா. உங்கள் மகன் பிறந்த அந்த வேளையில் பிறந்த எல்லாருக்கும் இதே எழுத்துகள்தான். ஒருவன் எங்கே தடுமாறுவான், எதில் சூடு பெறுவான் என்று யோசிக்க அவை உதவும். அவன் வீட்டில் குழந்தை தவழுமா என்று தீர்ப்புச் சொல்ல அவற்றுக்கு அதிகாரம் இல்லை. கணக்கையே தப்பாகப் போட்டவருக்கு அது அறவே இல்லை.

பாட்டியைக் கோபிக்காதீர்கள். பேத்திக்காகப் பயந்திருக்கிறார், நீங்கள் மகனுக்காகப் பயந்ததைப்போல. சூரிய நேரம் 6.21, வேளை மாவ் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பார்த்தவர் எந்த நேரத்தை வைத்துப் பார்த்தார், மாதத்துக்கு என்ன எடை கொடுத்தார் என்ற இரண்டை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

வளையல் வேண்டாம். மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முப்பது வயது தாண்டியவனைப் பற்றி இரண்டு குடும்பம் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது, அவனுக்கு மட்டும் தெரியாது என்பது சரியில்லை. பாட்டி வீட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.