நேரக் கோளாறு இல்லீங்க, கோல் போட ஆளு இல்ல

கேள்வி: 2018 மார்ச்ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபுட்பால் கப் அடிச்ச சென்னையின் எஃப்சி அடுத்த சீசன்லயே கடைசி இடத்துக்குப் போச்சே, அது நேரக் கோளாறுதானே? எல்லாரும் கோச் ஜான் கிரிகரிய மட்டும் திட்டினது சரியா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: ஒரு மேட்ச் தோத்தா நேரக் கோளாறுன்னு விட்டுடலாம், ரெண்டு தோத்தாலும் விடலாம், ஆனா 18 மேட்ச்ல 13 தோல்வி, ஜெயிச்சது வெறும் 2, மொத்தம் 9 பாயிண்ட், அதுவும் முந்தின வருஷம் இதே 18 மேட்ச்ல 32 பாயிண்ட் எடுத்த டீமு, இத நேரம் சரியில்லன்னு சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

அந்தக் கப் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. பெங்களூரு டீமோட நடந்த ஃபைனல்ல அவங்க சேத்ரி 9வது நிமிஷமே கோல் போட்டும் நாம 3-2ன்னு ஜெயிச்சோம், அதுல ரெண்டு கோல் மைல்சன் ஆல்வஸ் கார்னர்ல எகிறி தலையால அடிச்சது. அவர் டிஃபெண்டர்! டீமோட பலம் பூரா பின்னாடிதான் இருந்துச்சு, செரனோவும் மைல்சனும் செவுரு மாதிரி நிப்பாங்க, அவங்களுக்கு முன்னாடி நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் ஓடி ஓடி பந்தப் புடுங்குவாரு. அடுத்த சீசன்ல செரனோ டீம்லயே இல்ல, கணேஷ் முழங்கால் அடிபட்டு உக்காந்துட்டாரு. எலி சபியா வந்தாரு, நல்ல ஆட்டக்காரர்தான், ஆனா கூட நிக்கிறவங்களோட பழகவே நாளாகும்ல.

நேரு ஸ்டேடியத்துல நார்த்ஈஸ்ட்டோட நடந்த மேட்ச் ஞாபகம் இருக்கா? நாம 3-1ன்னு முன்னாடி இருந்தோம், அவங்க ஒக்பேச்சே ஹாட்ரிக் அடிச்சாரு, 3-4ன்னு தோத்தோம். சொந்த மண்ணுல ரெண்டு கோல் லீட காப்பாத்த முடியலன்னா எங்க ஓட்டைன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும்.

ஆனா எனக்கு இதவிட பெரிய வருத்தம் முன்வரிசைலதான். ஜெயிச்ச வருஷம் நம்ம ஸ்ட்ரைக்கர் ஜேஜே 9 கோல் போட்டாரு, அத நம்பி அப்படியே இருந்துட்டாங்க, அவருக்கு ஃபார்ம் போனா யாரு அடிப்பாங்கன்னு சரியா யோசிக்கல. போச்சு. அந்த சீசன் ஐஎஸ்எல்ல அவருக்கு மொத்தமே 1 கோல், அது விழுந்தது பிப்ரவரில பெங்களூருவ 2-1ன்னு ஜெயிச்ச மேட்ச்ல, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு. வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்னு கொண்டு வந்த சாலோமும் எடுபடல, ஜனவரில சி.கே. வினீத்த வேற டீம்ல இருந்து லோன்ல எடுத்தாங்க, வீடு எரியும்போது கிணறு வெட்டின கதைதான். ஜேஜேவ நான் குத்தம் சொல்லல, ஒரு பையன் தோள்ல மொத்த பாரத்தையும் தூக்கி வச்சவங்களத்தான் சொல்றேன்.

கிரிகரிக்கும் இதுல பங்கு உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அவர மட்டும் திட்டினது தப்பு, ஏன்னா 2019 ஏப்ரல்ல அதே ஆட்கள வச்சு சூப்பர் கப்புங்கிற இன்னொரு போட்டியோட ஃபைனல் வரைக்கும் போனாரு, கோவாகிட்ட 1-2ன்னுதான் தோத்தோம். அடுத்த ஐஎஸ்எல் சீசன்ல வால்ஸ்கிஸ்னு ஒரு ஸ்ட்ரைக்கர் வந்தாரு, 15 கோல், கோல் அடிக்கிறதுக்குக் குடுக்கிற கோல்டன் பூட்டும் அவருக்குத்தான், நடுவுல கிரிகரி போய் ஓவன் காய்ல் வந்து டீம் நேரா ஃபைனலுக்கே போச்சு. அப்படி கோல் போடுற ஒரு ஆள 2018ல கப்ப கையில வச்சிருந்த அந்த சந்தோஷத்துலயே தேடிப் புடிச்சிருக்கணும்.