கேஸைத் திறக்க யாருக்கும் பணம் தராதீர்கள்

கேள்வி: என் தம்பி இரவு விடுதித் தீயில் இறந்து 20 வருடம் தாண்டிவிட்டது. பின்கதவு பூட்டியிருந்தது என்றார்கள். யார் மீதும் வழக்கு இல்லை. அயர்லாந்தில் டப்ளின் ஸ்டார்டஸ்ட் இரவு விடுதித் தீயில் (1981) இறந்த 48 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று 2024-ல் மரண விசாரணையில் தீர்ப்பு வந்ததே, இங்கே முடியாதா? ‘கேஸைத் திறந்து தருகிறேன்’ என்று ஒருவர் 20,000 ராண்ட் கேட்கிறார்.
- வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அந்த ஆளை முதலில் வாசலோடு அனுப்புங்கள் அம்மா. ‘ஸ்டேஷனில் நம்ம ஆள் இருக்கிறார்’ என்று அவர் சொல்லியிருப்பாரே! முடிந்துபோன மரண விசாரணையை (ஒருவர் எப்படி, யாரால் இறந்தார் என்று நீதிமன்றம் ஆராய்வது) மறுபடி திறக்க, அரசுத் தரப்பு வழக்கறிஞர் துறை பரிந்துரைக்க வேண்டும். நீதித்துறை அமைச்சர் உயர் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். எந்த ஏஜெண்டும் இதில் வரமாட்டார். வக்கீல் என்று சொல்லிக்கொண்டால் வக்கீல்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள்.

மறு விசாரணைக்குக் காலக்கெடு கிடையாது. போலீஸ் காவலில் 1971-ல் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமத் டிமோலின் மரணம் தற்கொலை என்று 1972-ல் எழுதி மூடினார்கள். 2017-ல் அது கொலை என்று நீதிபதி சொன்னார்.

உங்கள் தம்பிக்கு விசாரணை நடந்ததா என்பதே முதல் கேள்வி. தீப்பிடித்த பகுதியின் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் எழுத்தரைக் கேளுங்கள். நடந்திருந்தால் முடிவின் நகல் வாங்குங்கள். நடக்கவே இல்லையென்றால் மறுபடி திறக்க ஒன்றும் இல்லை. புதிதாக நடத்தச் சொல்லி அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எழுத வேண்டும்.

போலீஸ் கோப்புக்குத் தகவல் பெறும் சட்டத்தில் மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு, மேல்முறையீடு செய்யலாம். ‘டாக்கெட் (வழக்குக் கோப்பு) காணோம்’ என்பதை நம் ஸ்டேஷன்கள் வணக்கம் சொல்வது மாதிரி சொல்லும். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். எங்கெல்லாம் தேடினார்கள் என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் எழுதித் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எத்தனை அதிகாரிகளுக்கு இது தெரியுமோ!

இனி 20 வருட விஷயம். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு 20 வருடத்துக்குப் பிறகு வழக்குத் தொடர முடியாது. கொலைக்கு அந்த வரம்பு இல்லை. கதவைப் பூட்டினால் ஆட்கள் சாகலாம் என்று தெரிந்தும், செத்தால் சாகட்டும் என்று பூட்டியிருந்தால் அது கொலையாகலாம். பூட்டை மறந்துவிட்டேன் என்பது வேறு. காசு கொடுக்காமல் யாரும் நுழையக்கூடாது என்று, ஆபத்து தெரிந்தே சங்கிலி போட்டது வேறு. இதை நிரூபிப்பது கடினம், பொய் நம்பிக்கை தரமாட்டேன். ஆனால் வழக்கு காலாவதியானாலும் மரண விசாரணை காலாவதியாகாது. யாருடைய செயலாலோ செய்யத் தவறியதாலோ இறந்தார் என்று நீதிபதி பதிவு செய்ய முடியும். நஷ்ட ஈட்டை மறந்துவிடுங்கள், அதன் காலம் எப்போதோ போய்விட்டது.

அன்று உள்ளே இருந்து தப்பியவர்கள், கதவில் நின்ற ஆட்கள் யாராவது இருந்தால் இப்போதே வாக்குமூலம் எழுதி வாங்குங்கள். ஸ்டேஷனில் சத்தியப் பிரமாணம் செய்து முத்திரை வைக்கக் கட்டணம் இல்லை, கேட்டால் கொடுக்காதீர்கள்.