இரண்டு செல்லில் நின்றுபோகும் கரு

கேள்வி: ஆய்வகத் தட்டில் வளர்க்கப்படும் சுண்டெலிக் கருக்கள் பல, 2 செல் நிலையோடு நின்றுவிடுவது ஏன்?

பதில்: கரு முதலில் முட்டையில் தாய் சேமித்துவைத்த ஆர்.என்.ஏ.வையும் புரதங்களையும் நம்பியே பிளவுறுகிறது. அதன் சொந்த மரபணுக்கள் சுண்டெலியில் 2 செல் நிலையிலும், மனிதரில் 4 முதல் 8 செல் நிலையிலும், பசுவில் 8 முதல் 16 செல் நிலையிலும்தான் முழுவீச்சில் இயங்கத் தொடங்குகின்றன. இந்தப் பொறுப்பு மாற்றம் நிகழும் வேளையில், வளர்ப்பு ஊடகத்தின் (கரு வளரும் சத்துத் திரவத்தின்) சிறு குறையைக்கூடக் கருவால் தாங்க இயலாது. சுண்டெலிக் கருவின் முதல் பிளவுக்குப் பைருவேட் என்னும் ஆற்றல் தரும் சத்து இன்றியமையாதது. குளுக்கோஸோ, பாஸ்பேட்டுடன் சேரும்போது, சில எலி வகைகளில் வளர்ச்சியையே முடக்கிவிடுகிறது. பின்னாளில், கரு பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே திரவம் நிறைந்த செல் பந்து) ஆகும் தறுவாயில், அதே குளுக்கோஸ் அதற்கு முக்கிய உணவாகிறது என்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. உப்புச் செறிவு மிகுந்தாலும் தடை நேரும்.

ஆக்சிஜனையும் கவனிக்க வேண்டும். கருக்குழாயில் (சூலகத்திலிருந்து கருப்பைக்குச் செல்லும் குழாயில்) அதன் அளவு காற்றில் உள்ளதைவிடக் குறைவு என்பதால், 20 சதவீதத்தைவிட 5 சதவீதத்தில் கருக்கள் நன்றாக வளர்கின்றன. கார்பன் டை ஆக்சைடு ஊடகத்தின் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்துவதால், அது வெளியேறிவிடாதபடி வளர்ப்புப் பெட்டியின் கதவை அடிக்கடி திறப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.