அக்குளில் ஒரு மூக்கு: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

இரண்டு வருடமாக நானாகவே தையல் பழகிக்கொண்டிருக்கிறேன். பேட்டர்னை (துணி வெட்டுவதற்கான தாள் மாதிரியை) பிரிண்ட் எடுத்து, என் அளவுக்குக் கொஞ்சம் மாற்றி வெட்டுவேன். போன மாதம் ஒரு சட்டையின் பக்கத் தையலில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தலா 1 செ.மீ. கூட்டினேன். கூட்டியதும் ஆர்ம்ஹோலின், அதாவது கை பொருத்துகிற வளைவின், அடிப்பகுதியைப் புதிதாக வரைய வேண்டி வந்தது. கைவசம் இருந்தது முன்பு டிராயிங் வகுப்புக்கு வாங்கிய சின்ன பிரெஞ்சு கர்வ் என்கிற வளைவு ஸ்கேல் மட்டும்தான். அதை வைத்தே வரைந்தேன். தைத்துப் பார்த்தால் அக்குளுக்கு அடியில் துணி மூக்கு மாதிரி கூராக இறங்கி நிற்கிறது. சட்டைக் கையும் ஆர்ம்ஹோலும் சேரவில்லை; இழுத்துப் பிடித்துத்தான் தைத்தேன்.

நல்ல ஸ்கேலாக வாங்கிவிடலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஹிப் கர்வ், ஆர்ம்ஹோல் கர்வ், நம் இஷ்டத்துக்கு வளைக்கிற ஸ்கேல், 'எல்லாம் ஒன்றில்' என்று ஒன்று, பன்னிரண்டு துண்டு செட் ஒன்று. எதை வாங்குவது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பன்னிரண்டு துண்டு செட்டை மறந்துவிடுங்கள். அதில் இரண்டைத் தொடுவீர்கள், பத்து அலமாரியில் தூங்கும்.

ஸ்கேலுக்கு வருவதற்கு முன் அந்த மூக்கைப் பார்த்துவிடலாம். நீங்கள் எந்த ஸ்கேல் வாங்கியிருந்தாலும் அது வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முன்பக்க பேட்டர்னையும் பின்பக்க பேட்டர்னையும் எடுத்து, பக்கத் தையல் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி, தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி மேஜைமேல் வையுங்கள். ஆர்ம்ஹோலின் அடி ஒரு தொட்டில் மாதிரி ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். உங்களுடையதில் இரண்டு கோடுகளும் தையலைத் தொடும்போதும் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு சரிவு சந்தித்தால் அங்கே முனை விழாமல் என்ன செய்யும்? வளைவு பக்கத் தையலுக்குச் செங்குத்தாக வந்து சேர வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். சரிதான், ஆனால் ஒவ்வொரு துண்டிலும் துல்லியமாக 90 டிகிரி என்ற கட்டாயம் இல்லை. முன்பக்கம் 85, பின்பக்கம் 95 என்றாலும் கோடு வழுக்கிக்கொண்டு போகும். கூட்டினால் 180 வர வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரு துண்டைத் தனியாக வைத்து வரைவதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்து, தையலைத் தாண்டி ஒரே கோடாக வரையுங்கள். தோளிலும் இதே கதைதான்: தோள் தையலைச் சேர்த்து வைத்துக் கழுத்தையும் ஆர்ம்ஹோலையும் பாருங்கள். துணியை மடித்து வெட்டுகிற நடுக் கழுத்தில் மட்டும் சேர்த்து வைக்க இன்னொரு துண்டு கிடையாது. அங்கே முதல் 1 செ.மீ. மடிப்புக்குச் செங்குத்தாக ஓடட்டும். இல்லாவிட்டால் மடிப்பை விரித்ததும் கழுத்தின் நடுவிலும் ஒரு மூக்கு முளைக்கும்.

ஆனாலும் உங்கள் சின்ன பிரெஞ்சு கர்வுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அது எந்திர வரைபடத்துக்கான அளவு. ஜெர்மன் கணிதவியலாளர் லுட்விக் பர்மெஸ்டர் (1840–1927) பெயரால் வழங்கும் மூன்று துண்டு செட்டின் வம்சம். அதை வைத்து ஒரு ஆர்ம்ஹோலை ஒரே இழுப்பில் வரைய முடியாது. இரண்டு மூன்று தடவை நகர்த்தி வைப்பீர்கள். ஒவ்வொரு ஒட்டும் ஒரு முடிச்சு. நீளம் பற்றாததுதான் அதன் குறை, வளைவின் குணத்தில் குறை இல்லை. வட்டத்தில் எங்கே தொட்டாலும் வளைவு ஒரே அளவுதான். பிரெஞ்சு கர்வில் வளைவு ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போகப்போக இறுகிக்கொண்டே வரும். ஆர்ம்ஹோலும் அப்படித்தானே: தோளருகே கிட்டத்தட்ட நேர், அக்குளருகே இறுக்கம். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன் வட்டத்தை வரைகிறவர்களுக்கு ஆர்ம்ஹோல் அமையாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

சரி, எதை வாங்குவது? உங்கள் வேலைக்கு இரண்டு போதும்.

முதலாவது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில், ஒரு முனை கொக்கி மாதிரி இறுகி வளைந்து, ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் லேசாக வளைந்தும் இருக்கிற பெரிய ஸ்கேல். கொக்கி ஆர்ம்ஹோலுக்கும் கழுத்துக்கும். நேர்ப் பக்கத்தில் கட்டம் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் தையலுக்கு விடும் இடத்தைத்தான் நீங்கள் தினமும் வரையப்போகிறீர்கள். அடியில் இருக்கும் கோடு தெரிந்தால் 1 செ.மீ. தள்ளி இணைகோடு போடுவது ஒரு நொடி வேலை. வளைந்த ஓரத்திலும் அளவு அச்சிட்டிருக்கிறதா, பூஜ்யம் முனையிலேயே தொடங்குகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் இஞ்ச் டேப்பை அதன்மேல் வைத்துச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி டேப்தான், பழையது இழுபட்டு நீண்டிருக்கும்.

இரண்டாவது ஹிப் கர்வ். ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், ஒரு முனையில் கொஞ்சம் அதிகமாகவும் மறுமுனையில் மிகக் குறைவாகவும் வளையும். இடுப்பிலிருந்து தொடை வரைக்கான பக்கக் கோடு, பாவாடையின் அடி விளிம்பு, பேண்ட்டின் உள்தையல் எல்லாம் இதில்தான். நீளமான மெல்லிய வளைவைக் கையால் வரைந்தால் நடுங்கும். குட்டி ஸ்கேலை நகர்த்தி வரைந்தால் மேடு தட்டும். 'எல்லாம் ஒன்றில்' என்கிற ஸ்கேல்கள் சறுக்குவது இங்கேதான். கழுத்துக்கும் ஆர்ம்ஹோலுக்கும் அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன், இடுப்புக்கு நீளம் பற்றாது.

வளைக்கிற ஸ்கேலைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. உள்ளே ஈயக் கம்பி, மேலே பிளாஸ்டிக். இறுக்கமாக வளைத்தால் திமிறும், அடிக்கடி வளைத்தால் ஒரே இடத்தில் மடிந்து அங்கேயே நின்றுவிடும். வரைய வேண்டாம், அளக்க வைத்துக்கொள்ளலாம்: கோட்டின்மேல் நிறுத்திப் பிறகு நேராக்கினால் நீளம் தெரியும். ஆனால் இஞ்ச் டேப்பைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி வளைவோடு நடத்தினாலும் அதே விடைதான் வரும்.

இனி, உங்கள் கை ஏன் பொருந்தவில்லை என்பது. பக்கத்தில் தலா 1 செ.மீ. கூட்டியபோது ஒவ்வொரு ஆர்ம்ஹோலும் கிட்டத்தட்ட 2 செ.மீ. நீண்டுவிட்டது. கையின் அக்குள் முனைகள் இரண்டிலும் தலா 1 செ.மீ. கூட்டினீர்களா? கடிதத்தில் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் கேட்கிறேன். கூட்டிய பிறகு இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள், வெட்டுக் கோட்டில் அல்ல, தையல் கோட்டில். ஆர்ம்ஹோல் உள்நோக்கி வளைகிறது. தையலுக்கு விடும் இடம் வளைவின் உட்பக்கம் விழுகிறது. அதனால் வெட்டுக் கோடு தையல் கோட்டைவிடச் சின்னது. முன்னும் பின்னும் சேர்ந்து ஆர்ம்ஹோல் அரைத் திருப்பம் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், 1.5 செ.மீ. விட்டிருக்கும் இடத்தில் வித்தியாசம் 1.5 × 3.14, அதாவது கிட்டத்தட்ட 4.7 செ.மீ. கையின் மேல் வளைவு உச்சியில் ஒரு பக்கமும் அடியில் எதிர்ப்பக்கமும் திரும்புவதால் அங்கே கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும். ஆக, வெட்டிய ஓரத்தை வைத்து அளந்தால் கை ரொம்பப் பெரியதாகத் தெரியும். 'பெரிதாக இருக்கிறதே' என்று குறைத்துவிட்டு, அப்புறம் இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டியதுதான். தையல் கோட்டில் அளக்கும்போது, சாதாரண சட்டைக் கை ஆர்ம்ஹோலைவிட 1 செ.மீ. போலக் கூடுதலாக இருந்தால் போதும். தோளில் உருண்டு நிற்கும் கோட்-சூட்டின் கைக்குத்தான் 3, 4 செ.மீ. தேவைப்படும்.

வரைகிற முறையில் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. புள்ளிகளை முதலில் வையுங்கள், ஸ்கேலைப் பிறகு எடுங்கள். தோள் முனை, மார்பின் குறுக்களவு வரும் இடம், அக்குள் முனை: குறைந்தது மூன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் தொடும்வரை ஸ்கேலைச் சுழற்றுங்கள். தொடவே இல்லை என்றால் ஸ்கேலை நம்பிப் புள்ளியை நகர்த்தாதீர்கள். புள்ளி உடம்பிலிருந்து வந்தது, ஸ்கேல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. முன்பக்க ஆர்ம்ஹோல் பின்பக்கத்தைவிட அதிகம் குடைந்திருக்கும், அதனால் ஸ்கேலின் வேறு வேறு பகுதிகள் பொருந்துவதும் இயல்புதான்.

பக்கத் தையலில் மட்டும் நேர் எதிர்: முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்கேலின் அதே பகுதிதான் வர வேண்டும். ஒருமுறை நான் ஒரு பாவாடைக்கு முன்பக்க இடுப்பை வரைந்து முடித்து, டீ குடித்துவிட்டு வந்து, ஹிப் கர்வைக் கவிழ்த்து உத்தேசமாக வைத்துப் பின்பக்கத்தை வரைந்தேன். ஒரு பக்கம் அரை செ.மீ.க்கு மேல் நீளமாகிவிட்டது. தைக்கும்போது துணிதான் இழுபடுகிறது என்று துணியைத் திட்டிக்கொண்டே தைத்து முடித்தேன். அந்தப் பாவாடையின் பக்கத் தையல் கடைசிவரை முறுக்கிக்கொண்டேதான் நின்றது. இப்போதெல்லாம் ஸ்கேலின் ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டு டேப்பை ஒட்டி, கோடு தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். கவிழ்த்தாலும் டேப் காட்டிக்கொடுக்கும்.

வரைந்ததும் மேஜை மட்டத்துக்குக் குனிந்து, கோட்டின் நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். மேலிருந்து தெரியாத மேடும் பள்ளமும் அங்கிருந்து தெரியும்.

வாங்கும்போது முனையில் துளை இருக்கிற ஸ்கேலாகப் பாருங்கள், ஆணியில் தொங்கவிடலாம். என் முதல் பிளாஸ்டிக் கர்வை ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தேன். வெயிலில் அதுவாகவே இன்னொரு பக்கமும் வளைந்துகொண்டது. அதற்குப் பிறகு அது தாளில் படியவே இல்லை.

அன்புடன்,
அக்கா