இந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டால் சாவான பாவமா?

கேள்வி: தோத்திரம் சாமி. அடுத்த மாதம் எங்களுக்குத் தேர்தல். ஜெயிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர், கருக்கலைப்புக்கு மிச்சமிருக்கிற கட்டுப்பாடுகளையும் எடுத்துவிடுவேன் என்று மேடையிலேயே சொல்கிறார். ஆனால் தொழிலாளர் கூலி, மருத்துவ வசதி போன்றவற்றில் அவர் திட்டங்கள் நல்லவை. மற்றவர் கருக்கலைப்பை எதிர்க்கிறார். ஆனால் அகதிகளை மனிதராகவே மதிக்காமல் பேசுகிறார், வாயைத் திறந்தால் பொய். எங்கள் செபக்குழுவை நடத்தும் அண்ணன், 'முதல் ஆளுக்கு ஓட்டுப் போட்டால் சாவான பாவம், நற்கருணை வாங்கக் கூடாது' என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டார். போன தேர்தலில் நான் அந்த ஆளுக்குத்தான் போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? 'ரெண்டு பேருமே வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்' என்கிறாள் மனைவி. பழைய இலத்தீன் பூசைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: அண்ணன் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்க்காமல் அனுப்பியதுதான் கோளாறு.

2004ஆம் ஆண்டில், வத்திக்கானில் திருச்சபைப் போதனையைக் கவனித்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் ராட்சிங்கர், அதாவது மறு ஆண்டே 16ஆம் பெனடிக்ட் ஆனவர், அமெரிக்க ஆயர்களுக்காகக் கர்தினால் மெக்காரிக்குக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் கடைசிப் பத்தியில் உங்கள் கேள்விக்கே பதில் இருக்கிறது. ஒரு வேட்பாளர் கருக்கலைப்பையோ கருணைக்கொலையையோ ஆதரிக்கிறார் என்ற அந்தக் காரணத்துக்காகவே ஒரு கத்தோலிக்கர் அவருக்கு ஓட்டுப் போட்டால், அவர் அந்தத் தீமைக்கு மனம் ஒத்துத் துணைபோகிறார். நற்கருணை வாங்கத் தகுதியற்றவர் ஆகிறார். அந்தக் கொள்கையை ஏற்காமல், வேறு காரணங்களுக்காக அதே வேட்பாளருக்குப் போட்டால், அது தொலைவிலிருந்து, மனம் ஒவ்வாமல் செய்யும் உதவி. அதற்கு ஈடான காரணம் இருந்தால் அனுமதிக்கப்படலாம். அண்ணன் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். அவரோடு சண்டை போடுகிறவர்கள் இரண்டாம் வாக்கியத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதிலும் 'ஈடான' என்ற சொல் வருவதற்குள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

மனம் ஒத்துத் துணைபோவது, ஒவ்வாமல் துணைபோவது என்ற இந்தப் பிரிவு நேற்று அரசியலுக்காகக் கண்டுபிடித்ததில்லை. 1679இல் பாப்பரசர் 11ஆம் இன்னொசென்ட் பாவத்துக்கு எளிதாகச் சாக்குச் சொல்லும் 65 தளர்ந்த கருத்துகளைக் கண்டித்தார். அவற்றில் 51ஆவது, ஒரு வேலைக்காரனைப் பற்றியது. எசமான் ஒரு பெண்ணைக் கெடுக்க இரவில் சன்னல் வழியே ஏறுகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், ஏணியைப் பிடிக்கிறான். மறுத்தால் அடி விழும், வேலை போகும். இந்தப் பயத்தால் செய்தால் சாவான பாவம் ஆகாது என்று சிலர் கற்பித்தார்கள். கூடாது என்றார் பாப்பரசர். ஏணியைப் பிடிக்கிற கைக்கும் நடக்கப்போகிற அக்கிரமத்துக்கும் நடுவே வேறொன்றும் இல்லை. அடுத்த நூற்றாண்டில் அறநெறி இறையியலின் ஆசானான புனித அல்போன்ஸ் லிகோரி இந்தச் சிக்கலை எடுத்துத்தான், துணைபோவதன் வகைகளைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். கேட்க வேண்டியவை இவை: தீமை செய்பவனின் நோக்கம் என் நோக்கமும் ஆகிறதா? நான் செய்வது தன்னளவில் கெட்டதா? அந்தத் தீமையிலிருந்து நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன்? இதைச் செய்ய எனக்கு இருக்கும் காரணம் எவ்வளவு கனமானது?

ஓட்டுப் போடுகிறவர் ஏணி பிடிப்பவர் அல்லர். அவருடைய ஓட்டுக்கும் ஒரு கருக்கலைப்புக்கும் இடையே வேட்பாளர், சட்டமன்றம், மருத்துவர், அந்தத் தாய் என்று எத்தனையோ பேருடைய சொந்த முடிவுகள் நிற்கின்றன. அதனால்தான் 'தொலைவிலிருந்து' என்ற சொல். ஆனால் தொலைவு என்றால் சம்பந்தமே இல்லை என்று பொருள் இல்லை.

நான் கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் இவருக்கு ஓட்டுப் போடுவது ஏனென்றால்' என்று தொடங்கி ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். பிறகு, அந்த வேட்பாளர் நாளைக் காலையில் கருக்கலைப்பு விஷயத்தில் மனம் மாறி அறிக்கை விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா, ஏமாற்றமாக இருக்குமா? நிம்மதி என்றால் உங்கள் மனம் அந்தத் தீமையோடு ஒத்துப்போகவில்லை. ஏமாற்றம் என்றால் உங்கள் விஷயத்தில் அண்ணன் சொன்னதுதான் சரி. 'இரண்டும் இல்லை, எனக்கு அதில் அக்கறையே இல்லை' என்று வந்தால் அதையும் எழுதுங்கள். அது வேறு வியாதி.

இனி அந்த 'ஈடான காரணம்'. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். குற்றமற்ற உயிரைச் சட்டத்தின் துணையோடு கொல்வதும், வரி விகிதம் எவ்வளவு என்பதும் ஒரே தராசில் நிற்காது. கூலி, மருத்துவம் நல்லவைதான். ஆனால் அவற்றை அடைய நல்ல மனிதர்கள் வெவ்வேறு வழிகளைச் சொல்லலாம். கருக்கலைப்பில் அப்படி வெவ்வேறு வழிகள் இல்லை. அதே 2004 குறிப்பு, போர், மரண தண்டனை பற்றிக் கத்தோலிக்கரிடையே கருத்து வேற்றுமை இருக்கலாம், இதில் இருக்க முடியாது என்கிறது. (திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலில் மரண தண்டனை பற்றிய 2267ஆம் எண் 2018இல் திருத்தப்பட்டு, அது ஏற்கத்தகாதது என்று ஆகிவிட்டது. ஆகவே அந்த வரியை இன்று அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. பழைமை விரும்பும் நம்மவர் பலருக்கு இது கசப்பு, தெரியும்.)

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஈடான காரணம் அபூர்வம், ஆனால் இல்லாமல் போவதில்லை. அந்தப் பதவியில் இருப்பவருக்கு அந்தச் சட்டத்தின் மேல் உண்மையில் அதிகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். சாலையும் சாக்கடையும் பார்க்கிற பதவிக்கும் சட்டம் இயற்றுகிற பதவிக்கும் வித்தியாசம் இருக்கிறது. எதிர்ப்பதாகச் சொல்பவர் உண்மையில் எதையாவது செய்திருக்கிறாரா, தேர்தலுக்குத் தேர்தல் நம் ஓட்டுக்காக மட்டும் அதை எடுக்கிறாரா என்பதையும் பாருங்கள். இருவருமே அந்தத் தீமையை ஆதரிக்கும் இடங்களில் நிலைமை மாறும். அங்கே சேதத்தைக் குறைப்பவரைத் தேடலாம். இரண்டாம் யோவான் பவுல் 1995இல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலின் 73ஆம் எண், ஒரு கெட்ட சட்டத்தை முழுதாக நீக்க முடியாத சட்டமன்ற உறுப்பினர், தன் எதிர்ப்பு எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது, அதன் கேட்டைக் குறைக்கும் சட்டத்துக்கு வாக்களிக்கலாம் என்கிறது. அது உறுப்பினருக்குச் சொன்னது. வாக்காளருக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்பதே இறையியலார் பொதுவாகச் சொல்வது.

அப்படியானால் இரண்டாம் ஆளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குத்திவிடலாமா?

பழைய ஞான உபதேசத்தில் படித்திருப்பீர்கள்: பழிக்காக வானத்தை நோக்கிக் கூப்பிடும் பாவங்கள் என்று ஒரு பட்டியல். கொலை அதில் இருக்கிறது. ஏழையை ஒடுக்குவதும், வேலைக்காரன் கூலியைப் பிடித்துக்கொள்வதும் அதிலேயே இருக்கின்றன. இன்றைய மறைக்கல்வி 1867ஆம் எண் இன்னும் விரித்து, அந்நியர், கைம்பெண், அநாதை ஆகியோரின் அழுகுரலையும் சேர்த்துச் சொல்கிறது. அகதியை இழித்துப் பேசுவதை 'அது அரசியல் கருத்து' என்று தள்ளிவிட, பாரம்பரியக் கத்தோலிக்கனுக்குப் பாரம்பரியத்திலேயே இடமில்லை. அவருக்கு ஓட்டுப் போடுவதானால், அவர் பேச்சுக்காக அல்ல, அது இருந்தும் போடுகிறீர்கள் என்பது உங்களுக்கும் அவருக்கும் தெரிய வேண்டும். கடிதம் எழுதிச் சொல்லுங்கள்.

நம்மைப் போன்ற பழைமைப் பற்றாளர்களுக்கு இதில் ஒரு தனிச் சோதனை உண்டு. பிரான்ஸில் 'அக்ஸியோன் பிரான்ஸேஸ்' என்ற இயக்கம் இருந்தது. முடியாட்சி, ஒழுங்கு, திருச்சபைக்கு மரியாதை என்று பேசியது. பக்தியுள்ள குடும்பங்கள் அதன் பின்னால் திரண்டன. அதன் தலைவர் சார்ல் மொராஸோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவருக்கு வேண்டியது சமூகத்தைக் கட்டிப்போட ஒரு திருச்சபை. 1926இல் 11ஆம் பயஸ் அதைக் கண்டித்தார். விடாப்பிடியாக இருந்தவர்களுக்குத் திருவருட்சாதனங்கள் மறுக்கப்பட்டன. அந்தக் காலத்தின் பெரிய இறையியலாளர் கர்தினால் பியோ அந்த இயக்கத்துக்கு ஆதரவாக நின்று, தம் கர்தினால் பதவியையே 1927இல் துறந்தார். 1939இல்தான் தடை நீங்கியது. இதே 11ஆம் பயஸ்தான் 1925இல் கிறிஸ்து அரசர் விழாவை ஏற்படுத்தியவர். 1937 மார்ச்சில் ஐந்தே நாள் இடைவெளியில் நாஜிகளுக்கு எதிராக ஒன்று, கம்யூனிசத்துக்கு எதிராக ஒன்று என இரண்டு சுற்றுமடல்களில் கையெழுத்திட்டவரும் அவரே. ஒரு பக்கத்தைக் கண்டித்தால் மறுபக்கத்துக்குச் சேர்ந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை.

உங்கள் மனைவி சொல்வதைச் சாதாரணமாகத் தள்ள முடியாது. வாக்களிப்பது கடமை என்கிறது மறைக்கல்வி 2240. 1948 இத்தாலியத் தேர்தலுக்கு முன், சோம்பலாலோ கோழைத்தனத்தாலோ ஓட்டுப் போடாதவர் கனமான பாவம் செய்கிறார் என்றே 12ஆம் பயஸ் உரோமைப் பங்குக் குருக்களிடம் பேசினார். ஆனால் அதே இத்தாலியில், 1868 முதல் 1919 வரை, நாடாளுமன்றத் தேர்தலில் கலந்துகொள்ள வேண்டாம் என்று கத்தோலிக்கருக்குச் சொன்னதும் உரோமைதான். இடையில் 1905இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆக, ஓட்டுப் போடாமலிருப்பது எப்போதுமே பாவம் என்று சொல்ல முடியாது. காலமும் காரணமும் பார்க்க வேண்டும். யாருக்கும் போடாமலிருப்பது அசாதாரணமான ஒரு முடிவு, மனச்சான்று கேட்டால் எடுக்கலாம் என்று அமெரிக்க ஆயர்களும் 2007இல் எழுதினார்கள். மனைவியின் முடிவு யோசித்து வந்ததா, சலிப்பில் வந்ததா என்று அவரிடமே கேளுங்கள். யோசித்து வந்ததென்றால் விட்டுவிடுங்கள்.

போன தேர்தல் விஷயம். சாவான பாவத்துக்கு மூன்றும் வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். 'இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, கூலி உயரும் என்று போட்டேன்' என்றால் மூன்றும் கூடி நின்றன என்று நான் சொல்ல மாட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், ஆன்ம சோதனைக்குப் பின் மனதில் நிற்கும் சாவான பாவங்களுக்குத்தான் என்று திருச்சபையின் பொதுச்சங்கமான திரிதெந்தின் சங்கம் 1551இல் கற்பித்தது. சந்தேகம் உறுத்தினால் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் சுருக்கமாக: 'சாமி, வேட்பாளர் கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்று தெரிந்தும், அதைப் பற்றி யோசிக்க மனமில்லாமல் ஓட்டுப் போட்டேன்.' அவ்வளவு போதும். கட்சிப் பெயர் வேண்டாம், வேட்பாளர் பெயர் வேண்டாம், அவருடைய நல்ல திட்டங்களின் பட்டியலும் வேண்டாம். சாமியார் எந்தக் கட்சி என்று கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு சாமியார் போதாதென்று இரண்டாம், மூன்றாம் சாமியாரிடம் அதையே கொண்டுபோகாதீர்கள். அது மனச்சான்று அல்ல, சஞ்சலம்.

அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். திருச்சபைச் சட்டம் 227ஐ மட்டும் காட்டுங்கள். உலகக் காரியங்களில் பொதுநிலையினருக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் பல கருத்துகளுக்கு இடமுள்ள விஷயத்தில் தன் கருத்தைத் திருச்சபையின் போதனை என்று முன்வைக்கக் கூடாது. கருக்கலைப்பு தீமை என்பது போதனை. 'இந்த ஆளுக்குப் போட்ட எல்லாரும் நற்கருணைக்குத் தகுதியற்றவர்கள்' என்பது அண்ணனின் கணிப்பு. நற்கருணையை மறுக்கும் 915ஆம் சட்டம், வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவரைப் பற்றியது. அதையும் நிறைவேற்றுவது மேய்ப்பர்கள், செபக்குழு அல்ல. சாமியார்களுக்கும் கடிவாளம் உண்டு: 287ஆம் சட்டப்படி நாங்கள் கட்சி வேலையில் இறங்கக் கூடாது. எனக்கும் அது பொருந்தும், அதனால்தான் யாருக்குப் போடுங்கள் என்று நான் எழுதவில்லை.

செபத்துக்கு வருவோம். 'இவரைத் தேவதாயே தேர்ந்தெடுத்தாள்' என்று காட்சி கண்டவர்களின் பெயரில் சுற்றும் செய்திகளை அழித்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற தனி வெளிப்பாடுகள்கூட விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல என்று மறைக்கல்வி 67 சொல்கிறது. அங்கீகாரமே இல்லாதவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னே புனித தாமஸ் மோர் நவநாளைத் தொடங்குங்கள். 2000ஆம் ஆண்டில் அரசியலாளருக்குப் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர் அவர். இங்கிலாந்து மன்னர் 8ஆம் ஹென்றியின் வாரிசுரிமைச் சட்டத்துக்கான உறுதிமொழியை மறுத்துச் சிறைக்குப் போனார், திருச்சபைமேல் மன்னரின் மேலாதிக்கத்தை ஏற்காமல் 1535இல் தலையைக் கொடுத்தார். ஆனால் அதே உறுதிமொழியை எடுத்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். அவரவர் மனச்சான்று அவரவருக்கு என்றார். அவர் செல்ல மகள் மார்கரெட், கடவுளின் சட்டம் இடம் தரும் அளவுக்கு என்று சேர்த்துக்கொண்டு, உறுதிமொழி எடுத்தார். சிறையிலிருந்து அவளுக்கு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. அண்ணனையும் இந்த நவநாளுக்குக் கூப்பிடுங்கள்.

முடிவு வந்த அன்று இரவு, ஜெயித்தவர் யாராக இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லி செபமாலையில் ஒரு பத்து மணி செபியுங்கள். 1 திமொத்தேயு 2ஆம் அதிகாரத்தில் புனித பவுல் ஆட்சியாளருக்காக மன்றாடச் சொன்னபோது உரோமையில் ஆண்டது நீரோ.