முதலில் தோட்டா, அப்புறம் கார்பைன்

கேள்வி: துப்பாக்கி உரிமம் கைக்கு வந்துவிட்டது. வார இறுதிகளில் சுடுதளத்தில் குறி பழக ஒரு கார்பைன் வாங்க வேண்டும். கடையில் 9 மி.மீ. ஒன்றும் .223 ஒன்றும் எடுத்துக் காட்டினார்கள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன. என் மனைவியும் பழக விரும்புகிறார். எதை எடுக்கலாம்?

பதில்: அண்ணன் தம்பி மாதிரி தெரிவது வெளித்தோற்றம் மட்டும்தான். கார்பைன் என்ற சொல், குழல் குட்டையான, எடை குறைந்த ரைபிளைக் குறிக்கிறது, அவ்வளவுதான். குதிரைப்படை வீரர் சேணத்தில் உட்கார்ந்தபடி கையாளுவதற்காக வந்த வடிவம் அது. உள்ளே போகும் தோட்டா என்ன, அதற்கு எவ்வளவு சக்தி என்பதை அந்தப் பெயர் சொல்லாது. அதனால்தான் கேட்பவர்களிடம் எல்லாம் நான் முதலில் தோட்டாவை முடிவு செய்யச் சொல்கிறேன். துப்பாக்கியை ஒருமுறைதான் வாங்குவீர்கள், தோட்டாவைக் காலமெல்லாம் வாங்கப் போகிறீர்கள்.

9 மி.மீ. என்பது அடிப்படையில் கைத்துப்பாக்கித் தோட்டா. 1902-இல் வந்தது, இன்று கிடைக்காத இடம் குறைவு. அதில் வெடிமருந்து கொஞ்சம்தான், அதுவும் வேகமாக எரிந்து முடிந்துவிடும். அதனால் நீளமான குழலில் போட்டாலும் குண்டின் வேகம் ஓரளவுதான் கூடும். ஆனால் தோளில் ஊன்றிச் சுடுவதால் கை நடுக்கம் அடங்கி, கைத்துப்பாக்கியில் எட்டாத துல்லியம் கிடைக்கும். 25, 50 மீட்டரில் பழக அருமையான துணை. சில மாடல்கள் கைத்துப்பாக்கியின் மேகசினையே, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியையே, ஏற்றுக்கொள்ளும். ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். இவற்றில் பல, தோட்டாவைப் பின்னாலிருந்து மூடிப் பிடிக்கும் போல்ட் என்ற கனமான பாகத்தின் எடையை நம்பியே இயங்குகின்றன. அந்த எடை பின்னால் வந்து இடிப்பதால், சின்னத் தோட்டாதானே என்று நினைத்தவருக்கு உதை கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும்.

.223 வேறு சாதி. சுமார் மூன்றரை கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாயும். 100 மீட்டர், 200 மீட்டர் என்று தள்ளிப்போய்ச் சுட ஆசை இருந்தால் இதுதான் வழி. உதை பயப்படும்படி இருக்காது, சத்தம்தான் பெரிது. குழல் குட்டையாக ஆக ஆக அந்தச் சத்தமும் குழல் வாயில் தெறிக்கும் தீயும் கூடும். காதுக்குள் வைக்கும் அடைப்பான், அதன் மேலே கவசம், இரண்டையும் சேர்த்து அணியாமல் கூரையுள்ள தளத்தில் நிற்காதீர்கள். போன செவித்திறனைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் இல்லை.

இருவரும் புதிதாகப் பழகுகிறீர்கள் என்பதால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். .22 லாங் ரைபிள் போடும் கார்பைன் ஒன்றை ஏன் யோசிக்கவில்லை? உதை இல்லை என்றே சொல்லலாம், தோட்டாவும் மற்றவற்றைவிட மலிவு. சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து, விசையை அழுத்தும் நொடியில் கண்ணை இறுக மூடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைப் போக்க மாதக்கணக்காகும். .22-இல் தொடங்குபவருக்கு அந்தப் பழக்கம் எளிதில் வருவதில்லை. ஆனால் சின்னதுதானே என்று அலட்சியம் வேண்டாம், அந்தக் குண்டு ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர்வரை போகக்கூடியது. ஆக, குறிக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லாத இடத்தில் இதையும் சுடக்கூடாது.

தோட்டா முடிவானபின் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையைத் திறந்து, காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் சொன்னாலும் நீங்கள் பாருங்கள். பிறகு குழல் வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்தபின் கண்ணைத் திறங்கள். பார்வை தானாகவே குறிகாட்டியில் விழுந்தால் அளவு சரி. கழுத்தை நீட்டவோ தோளைக் குறுக்கவோ வேண்டியிருந்தால் அது உங்கள் உடம்புக்கானது அல்ல. அவருக்கும் உங்களுக்கும் உயரம் வேறாக இருந்தால், பின்கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மாடலைக் கேளுங்கள்.

கேள்வி: என் கார்பைனின் குழலில் ‘.223 ரெமிங்டன்’ என்று பொறித்திருக்கிறது. 5.56 நேட்டோ தோட்டா ஒரு பெட்டி சகாயமாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் நண்பர். போட்டுப் பார்த்தேன், அழகாக உட்காருகிறது. சுடலாமா?

பதில்: வேண்டாம். உட்காருவதும் பொருந்துவதும் ஒன்றல்ல.

இரண்டு தோட்டாக்களின் வெளி அளவும் ஏறத்தாழ ஒன்றுதான், உங்கள் நண்பர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. வித்தியாசம் துப்பாக்கியின் அறையில் இருக்கிறது. 5.56-க்கான அறையில், குண்டு, அதைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளைத் தொடும் முன் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டிருப்பார்கள். .223 அறையில் அந்த இடைவெளி குறைவு. அதில் 5.56-ஐ வெடித்தால் அழுத்தம் எல்லை மீறலாம். எதிர்த்திசையில் கவலை இல்லை, 5.56 என்று பொறித்த குழலில் .223 சுடலாம். ‘.223 வைல்ட்’ என்று பொறித்திருந்தால் இரண்டும் போகும். நண்பர் சொல்லையும் பெட்டியின் படத்தையும் விடுங்கள், குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரைச் சுற்றி வட்டமாகப் பொறித்திருப்பதும்தான் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்ததும் ஒன்றை உள்ளங்கையில் கவிழ்த்து அந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் நான் மேகசினைத் தொடுவேன்.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று இருக்கிறது. .300 பிளாக்அவுட் என்ற தோட்டா .223-இன் உலோகக் கூட்டையே குட்டையாக்கிச் செய்தது. அதே மேகசினில் ஏறும். ஆனால் அதன் குண்டு சுமார் 7.8 மி.மீ. தடிமன். தவறிப்போய் அது 5.56 அறைக்குள் போய், குண்டு உள்ளே அமுங்கி, போல்ட்டும் மூடிக்கொண்டால், சுடும்போது துப்பாக்கியே கையில் சிதறும். வீட்டில் இரண்டும் இருந்தால் மேகசின்களின் நிறத்தையே வேறாக்குங்கள், ஒரே நாளில் இரண்டையும் தளத்துக்கு எடுத்துப்போகாதீர்கள்.

குண்டின் எடை பற்றியும் ஒரு வார்த்தை. குழலின் உள்வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பது வழக்கமாகக் குழலிலேயே இருக்கும். 12 அங்குலத்தில் ஒன்று என்றால் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) போன்ற லேசான குண்டு, 7 அங்குலத்தில் ஒன்று என்றால் 77 கிரெய்ன்வரை கனமானது, 9 என்றால் இரண்டுக்கும் நடு. மெதுவாகச் சுழற்றும் குழலில் நீளமான கனத்த குண்டைப் போட்டால் அது நிலைகொள்ளாமல் தள்ளாடும். தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துளைபோல நீண்ட கிழிசல் விழுந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

கேள்வி: பழைய கார்பைன் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று இரண்டாம் உலகப் போர்க்கால எம்1, இன்னொன்று லீவரைத் தள்ளி இழுக்கும் .30-30. எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: இரண்டுமே மனதைக் கவரும் துப்பாக்கிகள், உங்கள் ஆசை புரிகிறது. எம்1 கார்பைனை 1941-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. முழு ரைபிளைச் சுமக்க முடியாத ஓட்டுநர், பீரங்கிக் குழுவினர் போன்றோருக்காக 60 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எடை இரண்டரைக் கிலோகூட வராது. அதன் தோட்டாவின் பெயர் .30 கார்பைன். நீங்கள் பார்த்த மற்றதுக்கு .30-30. பெயரில் 30 இருப்பதால் ஒன்றுக்கு மற்றது ஆகாது.

வாங்கும் முன் போல்ட்டைக் கழற்றச் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளில் வெளிச்சம் பட வைத்துக் குழலின் உள்ளே பாருங்கள். வரிகள் கூர்மையாக, தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். கருமையான குழிகள் தெரிந்தால் யாரோ கழுவாமல் வைத்த துப்பாக்கி. உள்ளே ஓரிடத்தில் மோதிரம்போல வளையம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அது குழலுக்குள் ஏதோ அடைத்திருக்கும்போது சுட்ட தழும்பு. போல்ட் மூடியபின் தோட்டாவுக்கு இருக்க வேண்டிய இடைவெளி சரியா என்று அதற்கான அளவுகோல் வைத்திருக்கும் துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்டாமல் ஒரு தோட்டாவும் சுட வேண்டாம்.

லீவர் கார்பைன் என்றால் குண்டின் முனை முக்கியம். குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், பின்னதன் முனை முன்னதன் பிரைமரில் முட்டும். கூர்மையான உலோக முனை போட்டால் உதையின் அதிர்ச்சியில் மேகசினுக்குள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு. முனை தட்டையானது, அல்லது அதற்கென்றே செய்த மென்மையான முனையுள்ளது மட்டும் வாங்குங்கள்.

பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் அதன் பிரைமர் அரிக்கும் வகையா என்று கேளுங்கள். அந்த வகை சுட்டபின் குழலில் உப்பைப் படியவிடும். எண்ணெய்க்கு உப்பு கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய் தடவ வேண்டும். அமெரிக்க ராணுவம் எம்1-க்கு ஆரம்பத்திலேயே அரிக்காத பிரைமர்தான் போட்டது. வேறு நாடுகளில் செய்தவை எல்லாமே அப்படி அல்ல.

கேள்வி: நேற்று சுடும்போது ஒருமுறை மட்டும் ‘டப்’ என்று அமுங்கிய சத்தம். அடுத்ததைச் சுடப் போனபோது பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஏன்?

பதில்: அவருக்கு நன்றி சொல்லுங்கள். வெடிமருந்து குறைந்தோ இல்லாமலோ போன தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்தால், குண்டு குழலின் பாதியில் சிக்கி நிற்கும். அதன்மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். எங்கள் தளத்தில் ஒருவரைக் குரல் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். குழலில் கம்பியை விட்டுப் பார்த்தபோது அது ஒரு சாண் தூரத்தில் முட்டி நின்றது. சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் வாயைத் தளத்தின் முன்பக்கமே வைத்து, அரை நிமிடம் காத்திருந்து, தோட்டாக்களை இறக்கிவிட்டு, குழல் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மீதமுள்ள அந்தப் பெட்டியின் வரிசை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு விற்றவரிடம் எடுத்துப்போங்கள். வெறும் கூட்டையும் தூக்கி எறியாதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.